சிறுவர் உணவு விளம்பரங்களும் சட்டத்தின் வேலியும்

(இல்லறத்தார்க்கான பாடம்)

 

எதை உண்ணலாம், எதை விலக்க வேண்டும், எப்பொழுது உண்ண வேண்டும் என்பனவெல்லாம் நம் இல்லங்களில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருவன. ஆனால் இன்று நம் குழந்தைகட்கு உணவைப் பற்றிப் பாடம் சொல்ல வேறோர் ஆசிரியரும் வந்துவிட்டார். அவர் நம் கூடத்தில் தொலைக்காட்சியாக அமர்ந்திருக்கிறார். கைப்பேசியாக நம் மடியில் கிடக்கிறார். பெட்டிக்கடையில் சரஞ்சரமாகத் தொங்குகிறார். விளம்பரம் என்பது அவர் பெயர். அவருக்கு நம் நாட்டுச் சட்டம் இட்டுள்ள வேலி எத்தகையது, அதில் எங்கெங்கு இடைவெளி உள்ளது, அவ்விடைவெளியில் நாம் செய்யத்தக்கது யாது என்று ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

ஓர் இல்லத்தில் கண்டது

பல்லாவரத்தில் நமக்கு உறவான ஓர் இல்லம். அங்குள்ள பாட்டியார் நாள்தோறும் காலையில் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சி, வெல்லமும் ஏலமும் இட்டு, எட்டு வயதுப் பெயர்த்திக்குக் கொடுப்பது வழக்கம். ஒருநாள் அக்குழந்தை கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டது. "இதைக் குடித்தால் நான் உயரமாக வளர மாட்டேன் பாட்டி. டின்னில் வருவதைக் குடித்தால்தான் வளரலாம். தொலைக்காட்சியில் ஓர் அக்கா வளர்ந்து காட்டினாள்" என்றது.

பாட்டியார் மறுமொழி கூறவில்லை. அடுத்த மாதம் தமக்கு வரும் குடும்ப ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை எடுத்து, மகனுக்கும் மருமகளுக்கும் சொல்லாமல், அந்த டின்னை வாங்கி வைத்துவிட்டார். நாம் சென்றிருந்தபொழுது அதை எடுத்துக் காட்டி, "எழுத்து மிகவும் பொடியாக இருக்கிறது. இதில் அப்படி என்னதான் போட்டிருக்கிறார்கள், படித்துச் சொல்லுங்கள்" என்று கேட்டார். படித்தோம். தானியத்திற்கு அடுத்து எழுதப்பட்டிருந்த பொருள் சருக்கரை. மூன்று தலைமுறைக்குக் கஞ்சி காய்ச்சிய கை, தான் கொடுத்தது குறையுடையதோ என்று ஐயுற்று நின்றதைக் கண்டபொழுது நம் நெஞ்சம் வருந்தியது. இவ்வாராய்ச்சி அங்குத்தான் தொடங்கியது.

குழந்தையின் மனமும் விளம்பரமும்

பெரியோர் விளம்பரத்தைக் காணும்பொழுது, "இவன் தன் பொருளை விற்க வந்தவன்" என்னும் எண்ணம் உள்ளத்தின் ஓரத்தில் இருந்துகொண்டே இருக்கும். சிறு குழந்தைக்கு அவ்வெண்ணம் இல்லை. கதை எங்கு முடிந்தது, விளம்பரம் எங்குத் தொடங்கியது என்று பகுத்தறிவதே இளங்குழந்தைகட்கு அரிது. ஏறத்தாழ ஏழெட்டு வயது வரை, விளம்பரம் தன்னை வாங்கத் தூண்டுகிறது என்பதை அவர்கள் தெளிவாக உணர்வதில்லை என்று உளவியலறிஞர் கண்டுள்ளனர். ஆகவே பெரியோரிடம் விளம்பரம் செய்வது வாணிகம் எனலாம். அறியாச் சிறாரிடம் செய்வதோ அவர்தம் அறியாமையைப் பயன்கொள்வதாகும்.

இவ்விளம்பரங்கள் மூன்று வாயில்களால் குழந்தையை அடைகின்றன. முதலாவது கண்: கேலிச்சித்திர உருவங்களும் பளிச்சிடும் நிறங்களும். இரண்டாவது கை: பொட்டலத்தோடு வரும் விளையாட்டுப் பொருளும் ஒட்டுப்படமும். மூன்றாவது வாய்: குழந்தை தன் வாயால் பெற்றோரிடம் அழுது கேட்கும்படி செய்தல். இம்மூன்றாவதே வலிமை மிக்கது. விற்பவனுக்காகக் குழந்தையே நம் வீட்டில் வாதாடத் தொடங்கிவிடுகிறது.

முன்னோடியான ஒரு சட்டம்

"விளம்பரத்தையெல்லாம் சட்டத்தால் தடுக்க இயலுமா?" என்று ஐயுறுவோர் 1992ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றை அறிதல் நன்று. தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்படும் பால்மாவு, பாற்புட்டி, குழந்தை உணவு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் அச்சட்டம் 1993 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. 2003இல் திருத்தப்பட்டு மேலும் கடுமையாக்கப்பட்டது. இரண்டு வயது வரையுள்ள குழந்தைகட்கான அவ்வகைப் பொருள்களை எவ்விடத்தும் விளம்பரம் செய்தல் கூடாது. இலவச மாதிரி கொடுத்தல் கூடாது. டின்னின் மேல் குழந்தையின் படத்தையோ தாயின் படத்தையோ அச்சிடுதல் கூடாது. உலக நலவாழ்வு நிறுவனம் 1981இல் வகுத்த நெறியைத் தழுவியது இச்சட்டம்.

கொழுகொழுவென்ற குழந்தைப் படம் போட்ட பால்மாவு டின்களை அக்காலத்து வீடுகளில் கண்டவர்கள் நம்மில் பலர். இன்று அப்படம் இல்லை. அதனால் தாய்மார் ஒருவரும் துன்புற்றிலர். அரசு உறுதி கொண்டால் விளம்பரத்தைத் தடுக்க இயலும் என்பதற்கு இதுவே சான்று. ஆனால் இரண்டு வயது நிறைந்த மறுநாளே குழந்தை அவ்வேலிக்கு வெளியே வந்துவிடுகிறது என்பதையும் நினைவிற்கொள்க.

பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர்

அடுத்த வேலி பள்ளியைச் சுற்றியுள்ளது. தில்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு தொண்டு நிறுவனம் தொடுத்த பொதுநல வழக்கில், பள்ளிகளில் விற்கப்படும் உணவு பற்றி நெறிகள் வகுக்குமாறு 2015இல் ஆணையிடப்பட்டது. அதன் தொடர்ச்சியாக, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020 செப்டம்பரில் பள்ளிச் சிறார்க்கான விதிகளை வெளியிட்டது. கொழுப்பு, சேர்க்கப்பட்ட சருக்கரை, உப்பு ஆகியவை மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும், பள்ளி வாயிலிலிருந்து எத்திசையிலும் 50 மீட்டர் எல்லைக்குள்ளும் மாணவர்க்கு விற்றல் கூடாது. அவ்வெல்லைக்குள் அவற்றை விளம்பரம் செய்தலும் இலவசமாக வழங்குதலும் கூடாது. நிறுவனத்தின் சின்னம், வணிகப் பெயர், சுவரொட்டி, பாடநூல் உறை ஆகியவற்றின் வாயிலாகப் பள்ளிக்குள் நுழைதலும் ஆகாது.

50 மீட்டர் என்பது வளர்ந்தவர் நடையில் ஏறத்தாழ எழுபது அடிகள். பல்லாவரத்தில் ஒரு பள்ளி வாயிலிலிருந்து மேற்கூறிய பெயர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நாமும் எழுபது அடிகள் நடந்து பார்த்தோம். நாற்பதாம் அடியிலேயே ஒரு பெட்டிக்கடை. அதன் பெயர்ப்பலகையில் கடையின் பெயர் சிறியது. குளிர்பானத்தின் பெயர் பெரியது. வாயிலில் வண்ணப் பொட்டலங்கள் மாலையாகத் தொங்கின.

கடைக்கார மூதாட்டியிடம் பேசினோம். அவர் இவ்விதியைக் கேள்வியுற்றதில்லை. "பலகையை அவர்களே இலவசமாக எழுதிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் கேட்பதை வைத்தால்தானே எனக்குப் பிழைப்பு?" என்றார். அவர் கேட்டது நியாயமே. விதியைச் செயற்படுத்தப் புகுவோர் முதலில் இம்மூதாட்டியின் கடையைப் பூட்டிவிட்டுப் பலகை கொடுத்த நிறுவனத்தை விட்டுவிடுவாராயின் அது அறமன்று. விதியும் உற்பத்தி செய்வோரையும் பள்ளி நிருவாகத்தையும் நோக்கியே முதன்மையாகப் பேசுகிறது. கடலைமிட்டாயும் பொரியுருண்டையும் சுண்டலும் அக்கடையில் விற்றால் வாங்கிக்கொள்வோம் என்று பெற்றோர் சிலர் உறுதி கூறினாலே அம்மூதாட்டியின் பிழைப்பும் கெடாது. குழந்தைகளின் உடலும் கெடாது.

2022ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 சூன் திங்களில் தவறான விளம்பரங்களைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. சிறாரை நோக்கிய விளம்பரங்கட்கு அதில் தனிப் பகுதியே உண்டு. அதன் சாரம் வருமாறு:

1. குழந்தையின் அனுபவக் குறைவையும் எளிதில் நம்பும் இயல்பையும் பயன்கொள்ளல் ஆகாது.

2. "இதை வாங்கு" என்றோ, "பெற்றோரிடம் கேட்டு வாங்கு" என்றோ குழந்தையை நேரே ஏவுதல் ஆகாது.

3. அப்பொருளை வாங்காத குழந்தை பிறரால் எள்ளப்படும், தாழ்வுறும் என்னும் கருத்துத் தோன்றுதல் ஆகாது.

4. உடல்நலம், ஊட்டம் பற்றிய கூற்றுக்குத் தக்க அறிவியற் சான்று வேண்டும்.

5. குழந்தைகள் உண்டுவரும் இயற்கை உணவையும் மரபு உணவையும் விடத் தம் பொருளே சிறந்தது என்னும் எண்ணத்தை ஊட்டுதல் ஆகாது.

6. சிப்ஸ், குளிர்பானம் முதலிய தின்பண்டங்களைச் சிறுவர் நிகழ்ச்சிகளின் இடையிலும் சிறுவர்க்கேயுரிய அலைவரிசைகளிலும் விளம்பரம் செய்தல் ஆகாது.

ஐந்தாம் நெறியை மீண்டும் ஒருமுறை படியுங்கள். பல்லாவரத்துப் பாட்டியாரின் கஞ்சிக் கிண்ணத்திற்கு நம் நாட்டு ஆணையம் கொடுத்த காவல் அது. தவறான விளம்பரம் செய்வோர்க்கு முதன்முறை 10 இலட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்வார்க்கு 50 இலட்சம் ரூபாய் வரையிலும் தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அதற்குத் துணை நிற்கும் புகழ்பெற்ற மனிதர்களையும் முதன்முறை ஓராண்டு வரையிலும், மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரையிலும் விளம்பரங்களில் தோன்றாமல் தடுக்கலாம்.

இனி இடைவெளிகளைக் காண்போம். குழந்தைகள் சிறுவர் அலைவரிசையை மட்டுமா காண்கின்றனர்? தாத்தாவோடு கிரிக்கெட்டும் பாட்டியோடு நெடுந்தொடரும் காண்கின்றனர். ஆறாம் நெறி அங்குச் செல்லாது. கைப்பேசியில் ஒரு சிறுவன் பொட்டலத்தைப் பிரித்துத் தின்று காட்டும் காட்சி விளம்பரமா, விளையாட்டா என்று நாமே மயங்குகிறோம். மேலும், இந்நெறிகளில் சருக்கரை இத்தனை கிராமுக்கு மேற்பட்டால் விலக்கு என்னும் அளவு குறிக்கப்படவில்லை. அளவுகோல் இல்லாத இடத்தில் ஒவ்வொருவரும் தம் பொருள் அவ்வகையினதன்று என்று கூறித் தப்பலாம்.

'ஆரோக்கிய பானம்' என்னும் பெயர்

ஒரு பெயரே விளம்பரமாக நின்று குடும்பங்களை மயக்கிய வரலாறு அண்மையது. 2023 ஏப்ரலில் ஓர் இளைஞர், போர்ன்விட்டா என்னும் பானப்பொடியில் உள்ள சருக்கரையின் அளவைச் சுட்டி ஒரு சிறு காணொளி வெளியிட்டார். நிறுவனம் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பவே அவர் அதனை நீக்கிவிட்டார். ஆயினும் செய்தி நாடெங்கும் பரவிவிட்டது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் அந்நிறுவனத்திற்கு அறிவிப்பு அனுப்பி, மயக்கம் தரும் விளம்பரங்களையும் பொட்டல வாசகங்களையும் திரும்பப் பெறுமாறு கூறியது. அவ்வாண்டின் இறுதியில் நிறுவனம் அப்பொடியில் சேர்க்கும் சருக்கரையைக் குறைத்தது.

2024 ஏப்ரலில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஓர் உண்மையை வெளிப்படக் கூறிற்று: 'ஆரோக்கிய பானம்' என்னும் சொல்லுக்கு நம் உணவுச் சட்டத்தில் வரையறையே இல்லை. ஆகவே பால், தானியம், மால்ட் ஆகியவற்றால் ஆன பானங்களை அப்பெயரில் விற்றல் கூடாதென இணையவழி வணிகர்கட்கு அறிவுறுத்தப்பட்டது. நடுவண் வணிக அமைச்சகமும் அவ்வாறே கூறியது. அதே மாதத்தில் ஹார்லிக்ஸ் முதலியவற்றை விற்கும் நிறுவனமும் தன் பானங்களின் வகைப் பெயரை மாற்றிக்கொண்டது. நீண்ட காலம் நாம் மெய்யென்று நம்பிய பெயருக்குச் சட்டத்தில் வேரே இல்லை என்பது எத்துணை வியப்பு!

பச்சைக் குறியை மட்டும் நம்பலாமா?

நம் குடும்பங்கட்கு இதனினும் நெருங்கிய செய்தி ஒன்றுண்டு. முன்கூறிய இல்லத்துச் சிறுமி தன் ஒட்டுப்படங்களைக் காட்டப் பெட்டியைத் திறந்தபொழுது, பள்ளியில் பிறந்தநாளன்று தோழி கொடுத்த மெல்லிய இனிப்பின் உறையும் அதிலிருந்தது. முன்புறம் முழுதும் கரடிக்குட்டிப் படம். பின்புறம் மூலையில் சிறிய பழுப்புக் குறி. பொருட்பட்டியலில் 'ஜெலட்டின்' என்றிருந்தது. விலங்குகளின் தோல், எலும்பு ஆகியவற்றினின்று எடுக்கப்படுவது அது. குழந்தை நம் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் நான் பாவம் செய்துவிட்டேனா?" என்று கேட்டது. பாட்டியார் அணைத்துக்கொண்டு, "தெரியாமல் உண்டாய் அம்மா. இனித் தெரிந்து உண்போம்" என்றார். இதனினும் சிறந்த விடையை நாம் அறியோம்.

சைவ, அசைவக் குறிகள் 2001 முதல் நம் நாட்டில் கட்டாயமாயின. 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, சதுரத்துக்குள் பச்சை வட்டம் சைவத்தைக் குறிக்கும். சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் அசைவத்தைக் குறிக்கும். நிறம் பிரித்தறிய இயலாதவரும் வடிவத்தால் அறியலாம். ஆனால் பச்சைக் குறி இருந்தால் நம் விரதத்திற்கு ஏற்றது என்று துணிந்துவிடுதல் ஆகாது. அரசின் வரையறையில் தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியவை அசைவத்தில் சேர்க்கப்படவில்லை. தேனை மூலகுண விரதத்திலேயே விலக்கும் நமக்கு இது பெரிய வேறுபாடு. அரக்குப் பூச்சியினின்று பெறும் அரக்கு, மிட்டாய்களுக்குப் பளபளப்பு ஊட்டப் பயன்படுகிறது. பட்டியலில் 904 என்னும் எண்ணால் மட்டும் குறிக்கப்படுவதும் உண்டு. தேன்மெழுகின் எண் 901. கிழங்கு, வெங்காயம், பூண்டு இவற்றை விலக்கியோர்க்கும் பச்சைக் குறி யாதும் சொல்லாது. பட்டியலைப் படித்தலே வழி.

பிற நாடுகளில்

கனடாவின் கியூபெக் மாநிலம் 13 வயதுக்குட்பட்ட சிறாரை நோக்கிய வணிக விளம்பரங்களை 1980 முதல் தடுத்துள்ளது. இதனை எதிர்த்த வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1989இல் தடையை நிலைநிறுத்தியது. சிலி நாடு 2016இல், சருக்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி மிகுந்த பொட்டலங்களின் முன்புறம் கறுப்பு எண்கோண எச்சரிக்கை முத்திரையைக் கட்டாயமாக்கியது. அத்தகைய உணவின் உறையில் சிறுவரைக் கவரும் கேலிச்சித்திரங்களையும் நீக்கியது. பிரிட்டனில் 2026 சனவரி முதல் இரவு 9 மணிக்கு முன் தொலைக்காட்சியில் இவ்வகை உணவுகளை விளம்பரம் செய்யத் தடையுள்ளது. சிறுவர் அலைவரிசை எது என்று ஆராயாமல், சிறுவர் விழித்திருக்கும் நேரம் எது என்று நோக்கியது இவ்வேற்பாட்டின் சிறப்பு. நம் நாட்டிலும் முன்புற முத்திரை பற்றி 2022இல் வரைவு வெளியாயிற்று. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் இப்பொருள் குறித்து விரைந்து முடிவு காணப் பணித்தது.

இரு வினாக்களும் விடைகளும்

வினா: பெற்றோர் கண்டித்தால் போதாதா? சட்டம் எதற்கு?

விடை: பெற்றோர் கடமை முதன்மையானதே. ஆனால் தாம்பரம் ஏற்றுமதி மண்டலத்தில் விடியற்காலைப் பணிமுறைக்குச் செல்லும் தாய் ஒருமுறை "வேண்டாம்" என்று சொல்வதற்குள், விளம்பரம் பத்துமுறை "வேண்டும்" என்று சொல்லிவிடுகிறது. தெருவில் வண்டிகள் விரையும்பொழுது குழந்தையின் கையைப் பிடிப்பது தாயின் கடமை. வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது அரசின் கடமை. இரண்டும் வேண்டும்.

வினா: விளம்பரத்தைத் தடுத்தல் பேச்சுரிமையைப் பறிப்பதாகாதா?

விடை: வணிக விளம்பரமும் அரசமைப்பு வழங்கும் பேச்சுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் டாடா பிரஸ் வழக்கில் கூறியுள்ளது. ஆனால் ஏமாற்றுவதும் நேர்மையற்றதுமான விளம்பரத்தை அரசு தடுக்கலாம் என்பதும் அத்தீர்ப்பின் பகுதியே. அறியாத குழந்தையிடம் சொல்லும் பாதி உண்மை எவ்வகையைச் சாரும் என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

இல்லத்தில் செய்யத்தக்கன

ஒன்று: பொட்டலத்தின் முன்புறத்தை விட்டுப் பின்புறத்தைப் படிக்கப் பழகுவோம். பொருள்கள் எடை மிகுதியின் வரிசையில் எழுதப்படுகின்றன. முதல் மூன்றில் சருக்கரையோ குளுக்கோஸ் பாகோ இருந்தால் அதன் இயல்பு விளங்கிவிடும்.

இரண்டு: சோடியம் என்று குறித்த அளவை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். கணக்குப் படிக்கும் பிள்ளைகட்கு இது நல்ல பயிற்சி.

மூன்று: விளம்பரம் வரும்பொழுது தொலைக்காட்சியை அணைப்பதினும், "இவர் நமக்கு எதை விற்க வந்திருக்கிறார்? எதைச் சொல்லாமல் விட்டார்?" என்று குழந்தையிடம் கேட்பது நன்று. விடையைக் குழந்தையே காணட்டும்.

நான்கு: குழந்தைகளை ஏவும் விளம்பரத்தையோ, மரபு உணவை இகழும் விளம்பரத்தையோ கண்டால், நாளும் நேரமும் அலைவரிசையும் குறித்துக்கொண்டு முறையிடுவோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட ஆட்சியரிடம் எழுத்து வாயிலாக முறையிடவும் 2019ஆம் ஆண்டுச் சட்டம் வழி தருகிறது. பல்லாவரம் வட்டம் 2019 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சார்ந்ததாதலின், முறையீட்டைக் காஞ்சிபுரத்திற்கு அனுப்பிவிட்டுக் காத்திராதீர்கள்.

ஐந்து: பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் 50 மீட்டர் விதியைப் பணிவோடு நினைவூட்டுவோம். பிறந்தநாளுக்கு மிட்டாய்க்கு மாற்றாகப் பழமோ எழுதுகோலோ வழங்குமாறு வகுப்பாசிரியரை வேண்டுவோம்.

நிறைவாக

சென்ற திங்களில் அவ்வில்லத்திற்கு மீண்டும் சென்றோம். டின் முடிந்துவிட்டது; மறுபடி வாங்கவில்லை. அதில் இப்பொழுது துவரம்பருப்பு இருக்கிறது. கடைக்குச் செல்லும்பொழுது பாட்டியார் பெயர்த்தியை உடன் அழைத்துச் செல்கிறார். பொடி எழுத்தைப் படிக்க இயலாத பாட்டிக்குப் பெயர்த்தியே கண். "கஞ்சியை முழுவதும் குடிக்கிறாளா?" என்று கேட்டோம். "பாதி குடிக்கிறாள்; மீதிக்கு வாதாடுகிறாள்" என்றார் சிரித்துக்கொண்டே. வாதாடக் கற்ற குழந்தை விளம்பரத்தோடும் வாதாடும் என்னும் நம்பிக்கை நமக்குப் பிறந்தது.

பிள்ளைகளோடு சேர்ந்து விடை காண்க:

1. உங்கள் பள்ளி வாயிலிலிருந்து எழுபது அடிகளுக்குள் எத்தனை உணவு விளம்பரங்கள் உள்ளன?

2. வீட்டிலுள்ள மூன்று பொட்டலங்களில் முதலில் எழுதப்பட்ட மூன்று பொருள்கள் யாவை?

3. பச்சைக் குறி இருந்தும் நம் விரதத்திற்கு ஏலாத பொருள்கள் எவை?

4. பாட்டி செய்யும் ஒரு பண்டத்திற்கு, பொய் ஒன்றும் கலவாமல், நீங்களே ஒரு விளம்பரம் எழுதுங்கள்.